அவர் ரிவர்

அத்தை,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்குச் சளி. மூக்கடைப்பு விட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாலு வயது முடிந்துவிட்டது, இன்னமும் நான் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். "தூங்கற புள்ளைய நோண்டாத" என்று நீங்கள் அதட்டுவது காதில் விழுகிறது. விழுந்தும் நோண்டுகிறேன்.

இன்றைக்கு உங்கள் நினைப்பு வந்தது ஒரு டீ கப்பால். எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்குப் புது கப்புகள் வாங்கியிருக்கிறார்கள். டீயைக் குடித்து முடித்ததும், என்னை அறியாமல் கப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர், "என்ன மிஸ், ஓட்டை கீட்டை இருக்கா?" என்று கேட்டாள். பீங்கான் கம்பெனிகள் நிறைந்த நம் ஊரில், கப்பைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் அடியில் நம்மூர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதானே. அவளுக்கு அதை எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன். திருச்சியில் அந்தக் கல்லூரி வராந்தாவில், டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கப்பைக் கவிழ்த்துப் பார்த்து, பக்கத்தில் நின்ற கோட்டுப் போட்ட பேராசிரியரிடம் "நம்மூரு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னீர்களே, அது அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

உங்களிடம் ஒரு விஷயத்துக்கு உத்தரவு வாங்க வேண்டும். நேராகக் கேட்டால் "என்னா ஏதுன்னு மொதல்ல முழுசா சொல்லு" என்பீர்கள். முழுதாகவே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் அதைக் கேட்டதில்லை.

பாப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் எனக்கு பி.எட். இடம் கிடைத்தது. அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அம்மா, அண்ணியின் பிரசவம் என்று பாதியில் ஊருக்குப் போய்விட்டார். அதோடு எல்லாம் நின்றுபோகும் போல இருந்தது. நீங்கள் செராமிக் கம்பெனியில் பீங்கான் பியூஸ் கேரியர்களை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை, உங்கள் மகனுக்கும் வரவில்லை. நீங்களாகத்தான் ஒரு நாள் சொன்னீர்கள்.

"இந்த வருசத்தோட நிறுத்திக்க. புள்ள பாலு மறக்கறதுக்குள்ள அம்மாவ மறந்துடும். அதுக்கு நாலு எழுத்து தெரிஞ்சதுக்கப்பறம் நீ போயி படி, யாரு வாணாங்குறா?"

அந்த வாரம் பார்த்துத்தான் கல்லூரியில், ஆங்கிலம் எடுத்திருப்பவர்கள் எல்லோரும் திருச்சியில் நடக்கும் ஆங்கில ஆசிரியர் மாநாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதையாவது முடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் பாப்பாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "பால்குடிப் புள்ளைய வூட்டுல வுட்டுட்டு எப்படிப் போவ? இந்த ஒரு கூட்டத்துக்கு நானும் கூட வரேன். போயிட்டு வந்து ஒரு முடிவு சொல்றன். நடுவுல அதப் பத்திக் கேக்காத" என்றீர்கள்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"திருச்சில பேப்பர் படிக்கிறாங்களாம்."

"அத நம்ம சலூன் கடையில படிக்கக் கூடாதா? அதுக்கு எதுக்கு ரயிலேறிப் போவணும்?"

ஜங்ஷனில் நாம் ரயில் ஏறும்போது இருட்டு முழுதாகப் பிரியவில்லை. எனக்குப் பயம் ஒன்றா இரண்டா? ஈரத்துணி போதுமா, கூட்டத்தில் பாப்பா கத்தினால் என்ன செய்வது, யாராவது என்னிடம் இங்கிலீஷில் எதையாவது கேட்டுவிட்டால் எங்கே போய் ஒளிவது. இங்கிலீஷ் டீச்சராகப் போகிறவள், அதுவரைக்கும் நாலு பேர் முன்னால் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியதில்லை. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் வழி நெடுக உம்மென்று உட்கார்ந்து வந்தேன்.

உங்களைப் போய் மாநாட்டுக்குள் எப்படி விட்டார்கள் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என்னோடு வர வேண்டியவளுக்கு அம்மை போட்டிருந்ததால் ஒரு இடம் காலியாக இருந்தது. எங்கள் கல்லூரி மேடம் பாப்பாவைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், "பின்னாடி உக்காருங்க, குழந்தை அழுதா வெளியே போயிடணும்" என்று மட்டும் சொன்னார். வாசலில் அட்டை எழுதிக்கொண்டிருந்த பெண், நீங்கள் நிற்கும் தோரணையைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள்.

"மேடம், எந்த ஸ்கூல்?"

"நானு கம்பெனிங்க."

"கம்பெனி ஸ்கூலா மேடம்?"

"ஆமாங்க. செராமிக் கம்பெனி."

அவள் அப்படியே எழுதிவிட்டாள். உங்கள் பெயர், அதற்குக் கீழே இங்கிலீஷில் 'செராமிக் கம்பெனி ஸ்கூல், விருத்தாசலம்'. நீங்கள் அதைச் சேலையில் குத்திக்கொண்டு, தோள் பையை மாட்டிக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தபோது வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். சாப்பாட்டு வரிசையில் கரூர்க்கார டீச்சர் ஒருத்தி, "உங்களுக்குக் கீழே எத்தனை ஸ்டாஃப் மேடம்?" என்று கேட்டதற்கு என்னைக் காட்டி, "ஒண்ணே ஒண்ணுதாங்க, இதோ" என்றீர்கள். பொய்யே சொல்லவில்லை நீங்கள்.

காலை முழுக்க ஒருவர் மாற்றி ஒருவராக வந்து கட்டுரை வாசித்தார்கள். தூங்கிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஒவ்வொருவரையும் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பேப்பர் படிப்பாங்கன்னியே, மெய்யாலுமே படிக்கத்தான் படிக்கிறாங்க. தலையத் தூக்கி எதிர்ல யாரு இருக்கறான்னு பாக்க மாட்டங்குறாங்களே."

"சும்மா இருங்க அத்த."

"அந்த நீலச் சேல மூச்சுக்கு மூச்சு சோ சோங்குதே, மழயா?"

சிரிப்பை அடக்க நான் பாப்பாவின் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் முதன் முதலாகப் பயத்தை மறந்தது அப்போதுதான்.

மத்தியானம் பேச வந்தவர் வெளியூர் அம்மா. நரைத்த குட்டை முடி, கையில் பேப்பர் கிடையாது. இங்கிலீஷே தெரியாத ஒருவருக்கு முதல் பாடம் எப்படி நடத்துவது என்று இங்கேயே நடத்திக் காட்டப்போகிறேன் என்றார். பிறகு, "இந்த ஹாலில் இங்கிலீஷ் தெரியாதவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று இங்கிலீஷிலேயே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மண்டபம் நிறைய இங்கிலீஷ் டீச்சர்கள். யார் கை தூக்குவார்கள்?

"என்னா கேக்குது அந்தம்மா?" என்றீர்கள். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன மறு நொடியே நினைத்தேன். பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றீர்கள்.

"எனக்குத் தெரியாதுங்க!"

தலைகள் எல்லாம் திரும்பின. எங்கள் மேடம் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். 'செராமிக் கம்பெனி ஸ்கூல்' அட்டையோடு நீங்கள் நடுவழியே நடந்து மேடைக்குப் போனீர்கள். இதோடு முடிந்தது, இனி வீட்டுக்குப் போனதும் "இந்தக் கூத்துக்கா படிக்கற?" என்று கேட்டு ஒரேயடியாக நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீங்கள் பாடம் கேட்ட அழகு இருக்கிறதே! அந்த அம்மா தன்னைக் காட்டி ஒன்று சொல்வார், உங்களைக் காட்டுவார், நீங்கள் சொல்வீர்கள். உங்கள் பெயரைச் சொன்னீர்கள். உங்கள் மகன் பெயரைச் சொன்னீர்கள். என்னைக் கை நீட்டிக் காட்டி, 'டாட்டர் இன் லா' என்பதை மூன்று துண்டாக உடைத்து, என் பெயரைச் சொன்னீர்கள். கைதட்டல் விழுந்தது. அந்த அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்து, "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்" என்று ஆரம்பித்துக் கொடுத்து நிறுத்தினார்.

"மை அஸ்பண்டு நேம் இஸ்" என்றீர்கள். நின்றுவிட்டீர்கள்.

அந்த அம்மா மறுபடி எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றீர்கள். முன்வரிசையில் யாரோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு "இஸ், இஸ்" என்றார்கள். உங்களுக்கு வாக்கியம் மறந்துவிட்டது என்று மண்டபமே நினைத்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். மாமாவின் பெயர் மணிமுத்து. அந்தப் பெயரை நீங்கள் ஒரு தடவையும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயரை மட்டுமா? மணி என்ன என்று கேட்க மாட்டீர்கள், "எத்தினி அடிச்சுது?" என்பீர்கள். எதிர்வீட்டு முத்துவை "டேய் குட்டி" என்பீர்கள். ஊரே மணிமுத்தாறு என்று சொல்கிற ஆறு உங்களுக்கு வெறும் ஆறு.

அப்போது நீங்கள் தமிழில் கேட்டீர்கள். மைக் உங்கள் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம். இங்கிலீஷ்ல சொன்னா, அது பேரு சொன்னதாவுமா?"

முதலில் ஒரு சிரிப்பலை எழுந்தது. அது பாதியிலேயே அடங்கிவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "தெரியலீங்கம்மா. நான் இத நெனச்சுப் பாத்ததே இல்ல. நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

"தெரிஞ்சவங்கன்னு ஒங்களக் கேட்டா, நீங்க என்னியக் கேக்கறீங்களே!"

இந்தத் தடவை எல்லோரும் மனம்விட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மா மண்டபத்தைப் பார்த்து, இவர் கணவர் பெயர் யாருக்காவது தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அத்தை, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். என்னைக் காப்பாற்று என்றா, இல்லை, உனக்குத்தான் தெரியுமே, எழுந்து சொல்லேன் என்றா?

எழுந்தேன். தோளில் பாப்பா, புடவையில் அவள் கக்கிய பால். இங்கிலீஷில் கேட்டதற்கு இங்கிலீஷில்தானே சொல்ல வேண்டும்.

"மேடம், ஷி வில் நாட் சே. ஹிஸ் நேம் இஸ்... அவர் ரிவர்."

நம்ம ஆற்றின் பெயர் என்று சொல்ல வந்தவள், அவர் பெயர் நம்ம ஆறு என்று சொல்லி வைத்தேன். பாதி தப்பு. ஆனால் நாக்கு ஒட்டவில்லை. உட்காரப் போனேன், அதற்குள் மேடையில் உங்கள் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அவரா? இங்கிலீஷ்லயும் அவருன்னுதான் சொல்றாங்களா?" என்று கூவினீர்கள். "இத மொதல்லியே சொல்லக் கூடாதா! மை அஸ்பண்டு நேம் இஸ் அவர் ரிவர்!"

அந்த அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரெக்ட்டுங்கம்மா, முழுசும் கரெக்ட்டு" என்று உங்கள் கையைக் குலுக்கினார். எங்கள் மேடமும் கைதட்டினார். நீங்கள் ஏதோ பரிசு வாங்கியவர் போலத் திரும்பி வந்து, பாப்பாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

திரும்பும் ரயிலில் உங்களுக்கு வாய் ஓயவில்லை. பாப்பாவிடம் அதையே சொல்லிச் சொல்லிக் கொஞ்சினீர்கள். "ஒங்க தாத்தா யாரு? அவர் ரிவர்! இங்கிலீஷ்காரன் பொண்டாட்டியும் அவருன்னுதான் சொல்றா, தெரியுமா?" எதிர் சீட்டுக்காரர் விழித்தார். எனக்கு ஒரே தவிப்பு. நீங்கள் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் தப்பைத் திருத்தி உங்கள் முகம் சுண்டிவிட்டால்? திருத்தாமல் விட்டால் நான் என்ன டீச்சர்? லால்குடி போயிற்று. அரியலூரும் போயிற்று. அதற்கப்புறம் சொல்லிவிட்டேன்.

"அத்த, அது அவரு இல்ல. இங்கிலீஷ்ல அவர்னா நம்மன்னு அர்த்தம். நம்ம ஊரு, நம்ம வூடு, நம்ம ஆறு. அந்த நம்ம."

நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "ஒனக்கு அது நம்ம. எனக்கு அது அவரு. இதுல என்னா வந்துது?" என்றீர்கள். குரலில் கோபமா, விளையாட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. பாப்பா உங்கள் மடியிலேயே தூங்கிப்போனாள். கெடுத்துவிட்டாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பெண்ணாடம் தாண்டி வண்டி வேகமெடுத்தபோது, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டீர்கள்.

"நம்ம பரீச்ச எப்ப வருது?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன அத்த?"

"நம்ம பரீச்ச எப்போன்னு கேட்டன். நீ பாட்டுக்கு முழிச்சா? அதுக்குள்ள புள்ளைக்குக் கேப்பங்கஞ்சி குடுத்துப் பழக்கணும். பாலையே நம்பிக்கிட்டு இருந்தா வேலைக்காவாது."

மறுநாள் காலையில் நீங்கள் கம்பெனிக்குக் கொண்டுபோகும் தூக்குவாளி அலமாரியிலேயே இருந்தது. நீங்கள் அடுப்படியில் பாப்பாவுக்குக் கேப்பங்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பரீட்சை எழுதி முடித்து, வேலையும் கிடைத்து, பாப்பா எல்.கே.ஜி. போகும்வரை வாளி அங்கேதான் இருந்தது.

மாமாவைத்தான் கடைசி வரைக்கும் படுத்தி எடுத்தீர்கள். "அவர் ரிவர், சோறு ஆறுது" என்று நீங்கள் குரல் கொடுப்பதும், "இன்னாடி ஒளர்ற?" என்று அவர் எட்டிப் பார்ப்பதும். போன வருஷம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது சீட்டு எழுதிய நர்ஸ் கணவர் பெயர் கேட்டாள். "ரிவரு" என்றீர்கள். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதோ என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன். உங்களிடம் இதைச் சொன்னதில்லை. சொல்ல நாளும் இல்லாமல் போய்விட்டது.

இப்போது என் வகுப்பில் பிள்ளைகள் 'அவர் ஸ்கூல்', 'அவர் டீச்சர்' என்றுதான் வாசிக்கிறார்கள். உச்சரிப்பைத் திருத்தத்தான் வேண்டும், திருத்துகிறேன். ஆனாலும் திருத்துவதற்கு முன்னால் எனக்குள் ஒரு சின்ன நிறுத்தம் விழுகிறது. இவர்கள் இதை எதுவென்று நினைத்துச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பெரும்பாலும் கேட்டும் விடுகிறேன். வினோதமான பதில்களெல்லாம் வரும். மற்ற டீச்சர்கள் பாடத்தை முடித்துவிட்டு வந்திருப்பார்கள். நான் இன்னும் முதல் பத்தியிலேயே நிற்பேன். எனக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது என்றால் அது உங்களிடமிருந்து வந்தது.

இனி உத்தரவு கேட்க வேண்டிய விஷயம். வருகிற சனிக்கிழமை கடலூரில் இங்கிலீஷ் ஆசிரியர்கள் கூடுகிறார்கள். எங்கள் தலைமையாசிரியை என் பெயரைக் கொடுத்துவிட்டார். நான் கொஞ்ச நேரம் பேச வேண்டும். பாப்பாவை மாமா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அவருக்கு மூக்குச் சிந்திவிடக்கூடத் தெரியாது, அது வேறு கவலை. பேப்பர் படிக்கப் போவதில்லை. நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் சொல்லப்போகிறேன்.

'என் மாமியார்' என்று தொடங்கினால் போதும், கதை கேட்பதற்கு முன்னாலேயே எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். மாமியார் என்றால் அப்படித்தானே ஆகிவிட்டது. அந்த மண்டபத்தில் தெரியாது என்று எழுந்து சொன்ன ஒரே ஆளை, பெயர் இல்லாத ஒரு மாமியாராக விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உங்கள் பெயரை நானும் இதுவரை வாயால் சொன்னதில்லை. உங்கள் முன்னாலும் இல்லை, நீங்கள் போன பிறகும் இல்லை. இந்தக் கடிதத்தில்கூட எழுதாமல்தான் வந்திருக்கிறேன். மாமா பெயரையாவது சீட்டுக்காகச் சொல்லியிருக்கிறேன், மாமியார் பெயரை மருமகள் சொல்வது நம் வீட்டு வழக்கம் இல்லை.

இங்கிலீஷில்தான் சொல்வேன். அது பேர் சொன்னதாகுமா ஆகாதா, எனக்கும் இன்னும் தெரியவில்லை.

சொல்லட்டுமா அத்தை? சனிக்கிழமைக்கு முன்னால் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.